மேலிருந்து பார்த்த திருகோணமலை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரான லாசாலில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கப்பலிலிருந்து குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அம்மாவுக்கு அது தெரியாது. அவர் இளவயதில் திருகோணமலையில் சில மாதம் இருந்தவர், ஊரை விமானத்திலிருந்து பார்த்தவர் என்பது மட்டும்தான் தெரியும். அதையும் நான்தான் சொன்னேன். அம்மாவின் பிரெஞ்சு போன்ஜூரோடும் மெர்சியோடும் முடிந்துவிடும். ஆகவே எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். சம்பளம் இரண்டு பிஸ்கட்.

அம்மா திருகோணமலையில் பிறந்தவர். அப்பாவோ யாழ்ப்பாணம். "உங்கட ஊரில வெய்யிலை விட்டா என்ன கிடக்கு?" என்று பேச்சை முடித்துவிடுவார். அதனால் ஞாயிறுதோறும் சோறும் பால்சொதியும் எடுத்துக்கொண்டு அம்மா மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

"கோணேசர் மலை மேலயிருந்து பாக்க எப்பிடி இருக்கும் எண்டு கேளன்."

கடலில் இறங்கித் தண்ணீர் குடிக்கும் எருமை மாதிரி, என்றார் கிழவர். கொடியில் காயப்போட்ட தன் சட்டையை ஒரு மான் தின்றுவிட்டதாகவும் சொன்னார்.

"அப்ப அது எங்கட ஊர்த் தெருவில திரியிற மான்தான்," என்றார் அம்மா. அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குண்டுக் கதைகளை மட்டும் நான் மறைத்தேன். விமானத்தைத் தலைகீழாகச் சரித்து விழுவது, காது அடைப்பது, கடைசி நொடியில் குண்டை விட்டுவிட்டு மேலெழும்புவது எல்லாம் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவின் அண்ணன், என் பெரியமாமா, ஊரில் நடந்த போரில் விமானக் குண்டில் செத்தவர். இங்கே விமானநிலையத்துக்கு இறங்கும் விமானம் தாழப் பறந்தாலே அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுச் சத்தம் போகும்வரை நிற்பார். உண்மை தெரிந்தால் மேலே போகமாட்டார். வேறு யாரோடு அவர் ஊரைப் பற்றிக் கதைப்பார்?

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு, கிழவர் பாதிச் சாப்பாட்டில் கரண்டியை வைத்துவிட்டார். சொல்வதை அப்படியே அம்மாவிடம் சொல்லச் சொன்னார். எதிரி பிடித்து வைத்திருந்த ஒரு துறைமுகத்தில் கப்பல் ஒன்றைக் குறிவைத்தாராம். ஒரு நொடி பிந்திவிட்டதாம். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வீடுகள் இருந்தன. வலது கையை உயர்த்தி, புரட்டி, மேசையை நோக்கிச் சரித்துக்கொண்டு வந்தார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரல்களை விரித்தார்.

"யாருக்குச் சோறு போடுகிறார் என்று உன் அம்மாவுக்குத் தெரியவேண்டும்," என்றார் என்னிடம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "சொதி நல்ல ருசியாம்," என்றேன்.

அம்மா மேசையைப் பார்த்தார். அந்தக் கை இன்னும் மேசையில்தான் இருந்தது. கிழவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயிறும் கொண்டு வருவன் எண்டு சொல்லு," என்றார் அம்மா கடைசியில்.

இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கிழவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இருவரையும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை. இறங்கும்போது அம்மா நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். கால் உளைகிறது என்றார்.

அடுத்த ஞாயிறும் போனோம். மலையைப் பற்றியோ மானைப் பற்றியோ அம்மா பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்திருக்கும்.

இப்போது நானும் ஒரு தாய். அன்று செய்தது சரியா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்கத் தொலைபேசியை எடுப்பேன். பிள்ளையின் மூக்கொழுகும் தடிமனைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். வானத்தில் அப்படிச் சரிந்து வந்த விமானங்களுக்குக் கீழே ஓடியவர் அம்மா. அந்தக் கை சொன்னதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர் பதில் சொன்னது என் பொய்க்கு அல்ல என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.