நாற்பது நிமிடச் சுரங்கம்

இதைப் படித்துவிட்டு, "கற்பனை பிரமாதம்" என்று எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நல்ல பதில் வராது. அக்டோபர் 16, புதன்கிழமை, மதியம் 2.10. அந்தச் சுரங்கத்துக்குள் மூன்று பேர் போனோம். அதில் நான் ஒருத்தி.

மான்செஸ்டருக்குத் தெற்கே ஒரு பழைய கால்வாய். ஒரு வாரத்துக்கு நீளப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றினோம். என்னோடு கல்லூரியில் படித்த ஜேகோவும் ப்ரோனாவும். படகு ஜேகோவின் அப்பா தயவு. அதனால் கேப்டன் தொப்பி அவன் தலையில், சுக்கான் என் கையில். மதகுக் கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளியதும் நானே. என் அப்பா கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். இந்த மாதிரி ஆட்களோடு போனால் பட்டம் வேலையைக் குறைப்பதில்லை.

ப்ரோனாவுக்கு ஆஸ்துமா. இன்ஹேலரில் மூன்று அழுத்தல்தான் மிச்சம்.

கால்வாய் ஒரு மலையைக் குடைந்து போகும் சுரங்கத்தின் வாசலில், ஹாரப் என்ற காவலர் விதிகளைச் சொன்னார்.

"ஒரு படகு அகலம்தான். உள்ள திருப்ப முடியாது. சுவத்துல நூறு மீட்டருக்கு ஒரு நம்பர், மொத்தம் இருபத்தாறு. நாப்பது நிமிஷம். நீங்க போனதும் இந்த இரும்புக் கதவைச் சாத்தி, இன்ஜின் புகையை இழுக்க ஃபேன் போடுவேன். மாட்டிக்கிட்டா, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ நீளமா ஹார்ன் அடிங்க. மூச்சுக் கோளாறு இருக்கறவங்க படகுல வேண்டாம். மலை மேல பாதை இருக்கு, நடந்து வந்துடுங்க."

ப்ரோனா கையைத் தூக்கப் போனாள்.

"ஏய், கிழவி! நாப்பது நிமிஷம்டி," என்றான் ஜேகோ. "மழை வேற. உன்னால ராத்திரி வரைக்கும் அந்தப் பக்கம் காத்துக் கிடக்கணுமா?"

அவள் கையை இறக்கிவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனைத் திட்டுவதைவிட இதற்காக என்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ப்ரோனா படகின் முன்முனையில், வெளிப் பலகையில் உட்கார்ந்தாள். புகை பின்னால்தானே வரும் என்று. நானும் ஜேகோவும் பின்முனையில். நடுவில் பதினைந்து மீட்டர் நீள அறை. கதவு சாத்தும் சத்தம் முதுகில் இடித்தது.

2.10.

பன்னிரண்டு. பதின்மூன்று. வெள்ளை எண்கள் விளக்கில் வந்து வந்து போயின. செங்கல்லில் இருந்து சொட்டும் தண்ணீர். பின்னால் ஃபேனின் ரீங்காரம்.

2.32. பதினான்கு.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த எண். பதினான்கு.

"பெயிண்ட் அடிச்சவன் தண்ணி போட்டிருப்பான்," என்று ஜேகோ சிரித்தான்.

சுவர் நகர்ந்தது. செங்கல் நகர்ந்தது. அடுத்த எண்ணும் வந்தது.

பதினான்கு.

அவன் சிரிக்கவில்லை.

2.36. ஃபேன் சத்தம் நின்றது.

புகை போவதற்கு வழியில்லை. கண் எரிந்தது. முன்னாலிருந்து இருமல்... பிறகு அந்தச் சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். தேர்வு நாட்களில் விடுதிச் சுவர் வழியாகக் கேட்பேன். விசில் போல இழுக்கும்.

இன்ஜினை நிறுத்தினேன்.

"என்னடி பண்ற!"

"அவளால மூச்சு விட முடியலடா! ஹார்ன் அடி!"

அடித்தான். அரை நிமிடம். மறுபடி அடித்தான். எதிரொலிகூட வரவில்லை. பஞ்சுக்குள் அடித்தது போல.

விளக்கு மங்கியது... அணைந்தது.

அறை வழியாக முன்னால் ஓடினேன். முழங்கால் மேசையில் மோதியது. முன்கதவின் கைப்பிடியைத் திருப்பித் தள்ளினேன்.

திறக்கவில்லை.

பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அரை அங்குலம் நகர்ந்து திரும்பி வந்தது. அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல.

"ப்ரோனா, கதவ விட்டுத் தள்ளி உக்காரு!"

"நான்... கதவுகிட்ட... இல்ல..."

இன்ஹேலரை அழுத்தும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

அதற்குப் பிறகு வெறும் காற்று.

கதவில் காதை வைத்தேன்.

இழுப்பு கேட்டது. அதற்குப் பக்கத்தில்...

இன்னொரு இழுப்பு.

தோளால் இடித்தேன். அழுதேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். பின்னாலிருந்து ஜேகோ, "அம்மா, அம்மா," என்று முனகுவது கேட்டது.

திடீரென்று ப்ரோனாவின் மூச்சு மெல்ல இறங்கியது. நீளமாக வெளியே விட்டாள். மறுபடி நீளமாக.

கதவு தானாகத் திறந்தது.

பலகையில் அவள் மட்டும். மேலே நடுங்கும் விளக்கு. பின்னால் ஜேகோ இன்ஜினைப் போட்டான்.

"நீ முதுகைத் தடவிக் குடுக்கலைன்னா செத்திருப்பேன்டி," என்றாள்.

என் கை இன்னும் கதவுக் கைப்பிடியில்தான் இருந்தது.

சுவரில் பதினைந்து.

வெளிச்சத்துக்கு வந்தபோது என் போனில் மணி 2.58. கரையில் ஆம்புலன்ஸ். வேன். மலையைச் சுற்றி வந்திருந்த ஹாரப், வெளுத்த முகத்தோடு.

"மணி என்ன தெரியுமாம்மா? அஞ்சு இருபது."

போனைப் பார்த்தேன். என் கையில் இருக்கும்போதே 5.20 ஆனது.

ஃபேன் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்றார். ஹார்ன் கேட்கவில்லை என்றார். 4.15க்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தேடும் படகை அனுப்பியிருக்கிறார். அது சுரங்கம் முழுக்கப் போய், நாங்கள் நுழைந்த வாசலில் வெளியே வந்திருக்கிறது.

எதிரில் எதையும் பார்க்கவில்லை. ஒரு படகு மட்டுமே போகக்கூடிய அந்தச் சுரங்கத்தில்.

ப்ரோனாவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். தேடும் படகில் போய், ஹாரப்போடு வேனில் திரும்பி வந்திருந்த மேவிஸ் என்ற பெண் என்னை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு துணியில் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஹாரப்கிட்ட சொல்லல. பைத்தியம்பாரு. பதினாலு பக்கத்துல எங்க விளக்கு அணைஞ்சுது. ஒரு பொண்ணு மூச்சுக்குத் தவிக்கற சத்தம், என் காதுகிட்டயே. கையை நீட்டுனேன். முதுகு தட்டுப்பட்டுச்சு. பழக்கதோஷம், என் மகனுக்கும் இழுப்பு இருந்துச்சு, தடவிக் குடுத்தேன். உங்ககூட வந்த பொண்ணுதானே அது?"

"ஆமா."

"அவளுக்கு அடங்கிடுச்சு. ஆனா பக்கத்துலயும் இழுப்பு. சரி, அவங்களுக்கும்னு தடவிக்கிட்டே போனேன்." துணியைக் கீழே போட்டாள். "நீங்க எத்தனை பேரும்மா வந்தீங்க?"

"மூணு பேர். முன்னால அவ மட்டும்தான்."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்பது முதுகு தடவுனேன்," என்றாள். "முதல் முதுகுதான் சூடா இருந்துச்சு."