வெங்காயம் இல்லாத வெங்காயத்தாமரை

சத்தியமாக நடந்த கதை என்றுதான் லால்பேட்டை டீக்கடையில் ஆரம்பித்தேன். உடனே பயம் வந்து, "அங்கங்க கொஞ்சம் இழுத்திருப்பேன்" என்றும் ஒப்புக்கொண்டேன். கதை நூருல் அமீன் பாயைப் பற்றியது. எதிரே உட்கார்ந்திருந்தவன் அஃப்சல், அவர் மனைவியின் தம்பி. பக்கத்தில் அன்பரசு; பாயின் வயலுக்கு வரும் வாய்க்காலில் தண்ணீர் முதலில் தாண்டி வருகிற மேல்பக்கத்து ஊர்க்காரர்.

அமீன் பாய் குவைத்தில் பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர். அந்த மணலில் கனவில்கூட தண்ணீரைத்தான் பார்த்தார். திரும்பி வந்து அரை ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டார். கேட்ட தண்ணீர் ஜாஸ்தியாகவே கிடைத்தது. வடிகால் வாய்க்காலை வெங்காயத்தாமரை அடைத்துவிட்டது. அதன்மேல் ஒரு எருமை நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். சரி, கொக்கு. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கொடி அழுகிவிடும். மழைக்கோ ஒரு மாசம்தான் இருந்தது.

மனுமேல் மனு போட்டபின் வாய்க்காலைச் சுத்தம் செய்யவேண்டிய அதிகாரி வந்தார். ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார்.

"காம்பு முழ நீளத்துக்கு ஒல்லியா இருக்கு. வெங்காயம் எங்க பாய்? அள்ளச் சொல்ற ஆர்டர்ல வெங்காயத்தாமரைன்னுதான் போட்டிருக்கு. இது வேற செடி."

"சார், நெருக்கியடிச்சு நின்னா அது ஒசரமாத்தான் வளரும். தனியா மிதந்தாதான் காம்புல காத்தடைச்சு வெங்காயமாட்டம் உப்பும். டவுன் பஸ் கூட்டத்துல நீங்க வயித்த எக்கிக்கிட்டுதான நிக்கிறீங்க? எறங்குனதும் தொப்பை வருது. அதுக்காக வேற ஆளா நீங்க?"

அதிகாரி தொப்பையைத் தடவிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பாய் விடவில்லை. அதே வாய்க்கால் செடி ஒன்றைக் குளிக்கிற டப்பில் தனியாக மிதக்கவிட்டார். மூன்றே வாரத்தில் புதிதாக வந்த காம்பெல்லாம் என் தலை அளவுக்கு உருண்டன. டப்போடு ஆபீஸுக்குப் போனார்.

"இதுதான் வெங்காயத்தாமரை!" என்றார் அதிகாரி. "ஆனா இது உங்க டப்புலல்ல இருக்கு? டப்பு எங்க லிமிட்ல வராதே பாய்."

அந்த வாரமே மழை. கொடிக்கால் நாலு நாள் முழுகிக் கிடந்தது. இதை நான் இழுக்கவில்லை. அழுகிய கொடியை உருவிக்கொண்டே பாய், "வெங்காயம்னு எவன்டா பேரு வெச்சான்?" என்று கத்தினார்.

கதையைக் கேட்டு அன்பரசு உச்சுக்கொட்டினார். "ஆபீசர எதுக்கு நம்பணும்? எங்க மடையில கெடந்தத நாங்களே ஒரே காலையில தள்ளிவிட்டோம்."

அஃப்சல் நிமிர்ந்தான். "எந்தப் பக்கம் தள்ளுனீங்க?"

"தண்ணி போற பக்கந்தான்."

"அப்ப எங்க மச்சான் கொடிக்கால முழுகடிச்சது ஒங்க ஊரு குப்பையா?"

"யார்ரா குப்பை?"

டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸ்களை அவசரமாக உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தார்.