மூன்றாவது கியர்

1960-களில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்க, செஞ்சி ஊர்க் கடைத்தெருவுக்கு வந்திருந்தார் ஒருவர். ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி. நின்றிருந்த வண்டியிலும் அவருடைய இடது கை கியர் கம்பியை விடவில்லை. டீயைக்கூட இறங்காமல் கதவுக்கு மேலாகத்தான் வாங்கிக் குடித்தார்.

“மூணாவது கியர் நிக்காது சார், நழுவிடும். மறைச்சு விக்க எனக்கு இஷ்டமில்ல.”

எனக்கோ வண்டி மேல் ஆசை; கியரை நினைத்தால் பயம். ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். கோட்டையைத் தாண்டியதும் மூன்றாவது கியர் போட்டுவிட்டுக் கையை எடுத்தேன். குண்டும் குழியுமான சாலையிலும் கம்பி அசையவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டென்று கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“நல்லாத்தானே நிக்குது? எப்ப நழுவிச்சு?”

“வாங்குன புதுசுல, ஒரு தபா.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் எங்க சார் கைய எடுத்தேன்?”

வாங்கிவிட்டேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்றார். அந்த மனிதரை மறுபடி நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்றாவது கியர் போட்டால், என் இடது கை இன்றும் ஸ்டியரிங்குக்குத் திரும்புவதில்லை.