கண்ணம்மாள் சொன்ன வாக்கு

திண்டுக்கல் பக்கத்து அகரத்துக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் கண்ணம்மாளைக் கண்டால் எல்லோரும் கும்பிடுவார்கள். உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். காலையில் அரிசி களைந்து உலை வைப்பாள், முட்டை அவிப்பாள், பிள்ளைகள் சாப்பிட்டதும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். இதில் கும்பிட என்ன இருக்கிறது? புருஷன் செத்த மறுவருஷம் அம்மன் கோயில் திருவிழாவில் உறுமிச் சத்தம் கேட்டு அவளுக்கு அருள் வந்தது. ஊருக்கு ஒரு சாமி கிடைத்தது. அவளுக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போயிற்று.

அதுவரை கறிவேப்பிலை கேட்டு வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். சாமி வீட்டில் போய்க் கைமாற்றுக் கேட்க முடியுமா? மாமியார் சண்டை, மாப்பிள்ளையின் குடி என்று எந்தப் பேச்சு நடந்தாலும் அவள் தலையைக் கண்டால் நின்றுவிடும். திண்டுக்கல் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் காலியாகவே கிடக்கும். தங்கள் தீட்டு சாமிமேல் பட்டுவிடுமோ என்று பெண்கள் நின்றுகொண்டே வருவார்கள். அத்தை என்றவர்களும் அக்கா என்றவர்களும் இப்போது ஒரே குரலாக ஆத்தா என்றார்கள். ஒரே மகன் பிரபு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி கேட்காமல் வைக்க மாட்டான்.

"நெசமாவே வருதாம்மா, இல்ல நடிக்கிறியா?"

அவளுக்கு அதுதானே தெரியவில்லை. முதல் வருஷம் நடந்தது எதுவும் நினைவில்லை. முகத்தில் மஞ்சள் தண்ணீர் அடித்த பிறகுதான் தான் யாரென்று தெரிந்தது. அதற்குப் பிறகு அப்படி இல்லை. உறுமி அடித்தால் கால் தானாக ஆடும். அவள் நினைத்தாலும் நிற்காது. ஆனால் வாயில் வருகிற பேச்சு அவளுடைய பேச்சு. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்து, யோசித்துத்தான் சொல்கிறாள். கால் ஆடுவது அருள் என்றால் வாய் பேசுவதற்கு என்ன பெயர்?

பூசாரி உடையப்பனிடம் கேட்டாள். "வந்தா அருளு, வராட்டி இல்ல. இதுல கேக்குறதுக்கு என்ன தாயி இருக்கு?" என்றார். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமலே மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஆளுக்கொரு சொல் கைவசம் வைத்திருந்தார்கள். அருள் எதுவரைக்கும், நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட ஒருவருக்கும் துப்பில்லை. அவளுக்கு அந்தக் கோடுதான் வேண்டும். அது தெரிந்தால் ஊருக்குப் பொய் சொல்லாமல் இருக்கலாமே.

இந்த நிலையில்தான் ஈஸ்வரன் வந்து வாசலில் நின்றான். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவன். அவன் பெண்டாட்டி சுகன்யாவுக்கு மாரில் கட்டி. மதுரையில் சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாளாம். அவளோ கத்தி என்றாலே அழுகிறாள்.

"திருவிழாவுல அம்மன் வாக்குக் கேட்டுட்டு முடிவு பண்றேங்குறா" என்றான் ஈஸ்வரன்.

கல்யாணமாகி வந்த புதிதில் கண்ணம்மாளிடம்தான் சுகன்யா மணிக்கணக்கில் பேசிக் கிடப்பாள். "அதுவரைக்கும் எதுக்குப்பா தள்ளிப் போடணும்? நாந்தேன் சொல்றேனே. நாளைக்கே கூட்டிட்டுப் போ."

ஈஸ்வரன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "நீங்க சொல்றது சரித்தேன். ஆனா அவ உங்க பேச்சைக் கேக்கலையே. அம்மன் வாக்கைல்ல கேக்குறா."

நேரிலும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். சுகன்யா எழுந்து நின்று கைகூப்பி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, திருவிழா வரட்டும் என்றாள். ஒரு மனுஷியின் சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று நினைத்தபோது கண்ணம்மாளுக்கு அழுகை வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாமி வந்ததும் நம்பிவிட மாட்டார்கள். பேயாகவும் இருக்கலாம், வெறும் ஆட்டமாகவும் இருக்கலாம். மேளத்தை நிறுத்திவிட்டு, ஆடுகிறவர் கையில் வெற்றிலையில் சூடத்தை ஏற்றி வைத்து, யாரென்று கேட்பார்கள். பெயர் சொன்னால்தான் வாக்குக்கு மரியாதை. வருஷம் முழுக்க எதை வேண்டுமானாலும் நம்புகிற ஊர், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் வக்கீலாகிவிடும்.

திருவிழா அன்று அவள் கால் ஆடத்தான் செய்தது. மேளம் நின்றதும் காலும் நின்றுவிட்டது. உடம்புக்குள் தேடிப் பார்த்தாள். கண்ணம்மாளைத் தவிர அங்கே யாரும் இல்லை. சூடம் எரிந்தது. முன்வரிசையில் சுகன்யா கைகூப்பி நின்றாள்.

"வந்திருக்கிறது யாரு?" என்றார் உடையப்பன்.

இத்தனை வருஷம் தேடிய கோடு அப்போது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சுகன்யா வீட்டுக்குப் போய்விடுவாள்; ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். கண்ணம்மாள் தெரிந்தேதான் கோட்டைத் தாண்டினாள்.

"அம்மன் வந்திருக்கேன்டா. எம் மகளை ஆஸ்பத்திரியில சேத்துடு. கத்தி பிடிக்கிற கைக்கு நான் துணை."

பெண்கள் குலவை போட்டார்கள். அந்த வாரமே சுகன்யா மதுரைக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்து, மருந்தேற்றி, கொட்டிய முடி மறுபடி முளைத்து, ஒருநாள் சாயங்காலம் பழத்தட்டோடு வந்து கண்ணம்மாள் காலில் விழுந்தாள். கண்ணம்மாளுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"செத்த நேரம் உக்காரு தாயி. காப்பி போடுறேன்."

சுகன்யா உட்காரவில்லை. இனிமேலாவது இவளிடம் மறைக்கக் கூடாது என்று கண்ணம்மாள் வாயைத் திறந்தாள். "அன்னைக்குச் சொன்னது அம்மன் இல்ல, சுகன்யா. நாந்தேன். நீ பொழைக்கணும்னு நானா யோசிச்சுச் சொன்னேன்."

சுகன்யா அதிர்ச்சியடையவில்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் கனிவோடு சிரித்தாள்.

"உங்களுக்கு எப்படி ஆத்தா தெரியும்? சாமி வந்தவுகளுக்கு ஒண்ணும் நெனப்பு இருக்காதுல்ல. எதுக்க நின்னு பாத்தவ நாந்தேனே."

சுகன்யா கண்ணம்மாள் கையால் குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டு, சன்னதியிலிருந்து வெளியேறுகிறவளைப்போல முதுகைக் காட்டாமல் பின்னுக்கு நடந்து வாசலைக் கடந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டாள், அது போதும் என்று கண்ணம்மாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போதவில்லை.