எங்கள் ஃப்ளாட்டின் செத்த மண்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டம்ளர் கடுகுப்பொடியோடு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதற்கு என்கிறீர்களா? மண்புழு பிடிக்க.

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

பெசன்ட் நகரில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால், காம்பவுண்ட் சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு இருக்கிறது. மூலையில் ஒரு பூவரசு. சிமென்ட் பூசாமல் எங்களுக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதிலும் பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்றார் அசோசியேஷன் செகரட்டரி ஜெரால்டு சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர். ஆனால் எதையும் நிரூபித்தால்தான் ஒப்புக்கொள்வார்.

"அது செத்த மண்ணு மேடம். ஒரு புல்லாவது முளைக்குதா சொல்லுங்க? பேவர் போட்டா நாலு பைக் நிறுத்தலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "உயிர் இருக்குன்னு காட்டினா விட்டுடுவீங்களா?"

"காட்டுங்க, பாப்போம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்."

மறுநாளே மண்வெட்டியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். அரை அடி வரைக்கும் செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ், யாரோ எறிந்த டூத்பிரஷ். அதற்குக் கீழே வெளுத்த கடல் மணல், நடுநடுவே கிளிஞ்சல். கடுகுப்பொடியைக் கரைத்து ஊற்றினால் காரம் தாங்காமல் மண்புழு மேலே வரும் என்று படித்திருந்தேன். ஊற்றினேன். காத்திருந்தேன். ம்ஹூம்... ஒரு எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று நாள், மூன்று குழி. வீட்டில் கடுகு டப்பா காலி. சார் சொன்னதுதான் சரியோ என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கடையில் புதிதாகக் கடுகு வாங்கிவந்து நாலாவது குழியை ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எங்கள் ஃப்ளாட்டைப் பெருக்கும் செல்வி விளக்குமாற்றோடு வந்து நின்றார்.

"இன்னாமா, தெனம் தோண்டிக்கினு கீறீங்க? எதுனா தொலைச்சிட்டீங்களா?"

சொன்னேன்.

"புழுவா? மரத்தாண்ட போய்ப் பாருங்க, நெறைய கீது." குரலைத் தாழ்த்தினார். "சார்கிட்ட சொல்லிடாதீங்கமா. எலைய வாரிக்கினு தெருமுனைத் தொட்டிக்கு யாரு நடக்கறது? ரெண்டு வருசமா மரத்துக்குப் பின்னாலதான் தள்ளிக்கினு கீறேன்."

இலைக் குப்பை காம்பவுண்டுக்குள் கிடக்கக் கூடாது என்பது எங்கள் அசோசியேஷன் விதி. மற்ற இடமெல்லாம் விதிப்படி சுத்தமாக இருந்தது. அதனால்தான் செத்திருந்தது.

பூவரசின் பின்னால் இலைகளை விலக்கினேன். கறுப்பு மண். கையில் எடுத்தால் காப்பிப்பொடி மாதிரி உதிர்ந்தது. ஒரு மரவட்டை சுருண்டுகொண்டது. அரை டம்ளர் கடுகுத் தண்ணீருக்கே ஏழெட்டு மண்புழுக்கள் நெளிந்து வந்தன. அடடா, எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அவற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பழையபடி மண்ணுக்குள் விட்டேன். ஞாயிறன்று இதே இடம், இதே கடுகு — ஜெயித்த மாதிரிதான்.

ஞாயிறு காலை லிஃப்டை விட்டுப் பின்பக்கம் வந்தால்... பூவரசைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர். இலைக் குவியலைக் காணவில்லை.

"எல்லாரும் வந்து பாக்கப் போறாங்கன்னு சொன்னீங்களேமா," என்றார் செல்வி, பெருமையாக. "நாறக் கூடாதுன்னு எலைய வாரிட்டு, பவுடர் போட்டு, மேல ரெண்டு பக்கெட் தண்ணியும் ஊத்திட்டேன்."

நம் ஊரில் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் பிளீச்சிங் பவுடர் தூவாமல் இருப்போமா? மந்திரி வந்தாலும் சரி, தெருவில் கல்யாணம் என்றாலும் சரி, ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாக வேண்டும். செல்வியை எப்படித் திட்டுவது? அதற்குள் ஜெரால்டு சாரும் மற்ற வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"எங்க மேடம் உயிரு?"

செல்விதான் தரையைக் காட்டினார். "தோ, போவுது பாருங்க சார்."

சிமென்ட் தரை முழுக்க மண்புழு. பத்து இல்லை, இருபது இல்லை. எரிச்சல் தாங்காமல் மண்ணை விட்டு வெளியேறி, வெயிலில் நெளிந்துகொண்டிருந்தன. என் கடுகுக்கு வந்ததெல்லாம் சும்மா ஏழெட்டு!

சந்தோஷப்படவா முடியும்? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். விஷயம் புரிந்து செல்வியின் முகம் சுண்டிவிட்டது. ஓடிப்போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். கொட்டிய இலையையும் திரும்ப அள்ளிவந்தார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. சில என் விரலிலேயே அசைவற்றுப் போயின. மண்புழுவுக்காகக் கண் கலங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜெரால்டு சார், "பேவர் பிளாக்கைத் தள்ளி வைப்போம்," என்றார்.

விடுவேனா? "தள்ளி வைக்கிறது இல்ல சார். மினிட்ஸ்ல எழுதுங்க. இங்க பேவர் கிடையாது, பவுடர் கிடையாது. இலை எங்க விழணும்னு செல்வி முடிவு பண்ணுவாங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

செத்த மண் என்று சொன்ன அதே மனிதர் அன்று லிஃப்டுக்குத் திரும்பியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் — ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தார்.