எட்டாம் பக்கத்து ஐஸ்காரர்

வட்டார வளர்ச்சி வங்கியின் தலைமை அலுவலகத்தில் அவரை எல்லோரும் அறிக்கைக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் மாடியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருஷம் வங்கியின் ஆண்டறிக்கையை எழுதியவர். கடன் கொடுத்ததும் அவர் இல்லை, வசூலித்ததும் அவர் இல்லை. கொடுத்ததையும் வசூலானதையும் வசூலாகாததையும், படிப்பவர் முகம் கோணாதபடி எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதில் ஆள் பலே கெட்டிக்காரர்.

வசூல் நூற்றுக்கு எண்பத்தொன்றாகச் சரிந்த வருஷம், "சவாலான சூழலிலும் வசூல் எண்பது சதவீதத்துக்கு மேல் நிலைநிறுத்தப்பட்டது" என்று எழுதினார். எண்பத்தொன்பதிலிருந்து சரிந்தது என்பதை எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. லாபம் ஒரு சிட்டிகை கூடியிருந்தால் போதும், வரைபடத்தின் கோட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குவார். அந்தச் சிட்டிகை மாடிப்படி மாதிரி ஏறித் தெரியும். பொது மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, மொட்டைத் தலையைக் கொடுத்தாலும் இவர் வகிடு எடுத்துவிடுவார் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வார். அன்றைக்கெல்லாம் அறிக்கைக்காரருக்குக் கால் தரையில் பாவாது.

வீட்டில்தான் பருப்பு வேகாது. மனைவி ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்த்தவர். ஒவ்வொரு வருஷமும் அறிக்கையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்து எண்களை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பார். முன்னால் இருப்பதைப் படி என்றால், "அது நீங்க எழுதினது, இதுதான் நடந்தது" என்பார்.

அந்த அறிக்கையில் எல்லோரும் புரட்டிப் பார்க்கிற பக்கம் ஒன்று உண்டு. எட்டாம் பக்கம். வங்கியில் கடன் வாங்கித் தொழில் தொடங்கி முன்னுக்கு வந்த ஒருவரின் படமும் கதையும் வருஷா வருஷம் அதில் வரும். ஆளைத் தேடிப் பிடிப்பது, பேசிக் கேட்பது, எழுதுவது எல்லாம் அறிக்கைக்காரர்தான். எட்டாம் பக்கத்துக்கு ஏட்டில் இல்லாத ஒரு சட்டமும் இருந்தது. அதில் வந்தவர் இரண்டு வருஷத்துக்காவது விழக்கூடாது. வங்கிக்குப் பணம் தருகிற பெரிய இடத்து ஆட்கள் அறிக்கையும் கையுமாக வந்து, இவரைப் பார்க்கவேண்டும் என்பார்கள். போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்கக்கூடாது.

ஒரு வருஷம் அந்தப் பக்கத்துக்கு ஐஸ்காரர் அகப்பட்டார். அவருக்கு அப்போது நாற்பது வயசு. அடுத்தவர்களுடைய ஐஸ் கம்பெனிகளில் பதினைந்து வருஷம் மெக்கானிக்காக எண்ணெயும் கையுமாக நின்றுவிட்டு, வீட்டை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்கி, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் சொந்தமாக ஒன்று போட்டிருந்தார். நாளுக்கு ஐந்து டன். ஒரு கம்ப்ரஸர், உப்புத்தண்ணீர்த் தொட்டி, தகரப் பெட்டிகள், நாலு ஆட்கள். விடியற்காலையில் படகுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். தவணை ஒருநாள் தவறவில்லை. படம் எடுக்கப் போனபோது அவர் சட்டையில் துருக்கறை. அறிக்கைக்காரர் மாற்றுச் சட்டைக்கு ஆள் அனுப்பினார். ஐஸ்காரருக்கு ஒரே கூச்சம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், குளிரக் குளிர ஐஸ் பாளத்தின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். அதுவே படத்துக்கு எடுப்பாக அமைந்துவிட்டது.

அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு மத்தியானம் ஐஸ்காரர் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கடன் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் இது ஒன்றுதான். துறைமுகத்தில் பெரிய ஐஸ் கம்பெனி ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, வந்தால் தன்னைப் போன்ற சின்ன ஆள் தாங்கமாட்டான், இயந்திரத்தையெல்லாம் கேட்டு வெளியூர்க்காரர் ஒருவர் வந்திருக்கிறார், வருகிற பணத்தில் கடனை அடைத்தால் வீடு மீண்டுவிடும், தான் பழையபடி மெக்கானிக் வேலைக்கே போய்விடலாம் என்று பார்ப்பதாகச் சொன்னார். கடனை முன்கூட்டியே முடிக்க யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்.

முதல் மாடிக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அறிக்கைக்காரர் சொல்லவில்லை. எட்டாம் பக்கம் இரண்டாயிரம் பிரதி அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு நேர்காணல் வேறு. ஐஸ்காரரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஐஸ் தேவை வருஷத்துக்கு வருஷம் எப்படிக் கூடுகிறது என்று தான் போட்ட வரைபடத்தையே எடுத்துக் காட்டினார். பாதியிலிருந்து தொடங்குகிற வரைபடம். ஐஸ்காரர் அதையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு, "அப்போ அந்தப் பெரிய கம்பெனி விஷயம், சார்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சும்மா ஊர்ப் பேச்சுங்க. அப்படி எதுவும் வரல. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிங்க."

ஊர்ப் பேச்சு இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நாளுக்கு அறுபது டன் ஐஸ் கம்பெனிக்கு, மீன்பிடித் துறைமுகத்தில், கடன் கொடுத்ததே இதே வட்டார வளர்ச்சி வங்கிதான். இருபத்தோராம் பக்கத்தில் பெரிய கடன்களின் பட்டியலில் ஏழாவது வரி. தட்டச்சு செய்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியவரே அவர்தான். ஒரே புத்தகத்தில் பதின்மூன்று பக்கம் தள்ளி ஐஸ்காரரின் கழுத்துக்குக் கத்தி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் டீயில் சர்க்கரை போதுமா என்று விசாரித்தார். அதோடு விட்டாரா? கையோடு முதல் மாடிக்கு அழைத்துப்போய், இரண்டாவது கம்ப்ரஸருக்குக் கூடுதல் கடன் விண்ணப்பமும் கொடுக்கவைத்தார். மூன்று மாதம் இழுத்தடிக்கிற கடன் பிரிவு, எட்டாம் பக்கத்து ஆள் என்றதும் எட்டே நாளில் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டது.

அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மறு வருஷம் பெரிய கம்பெனி திறந்தது. ஐஸ் பாளத்தின் விலை பாதியாக விழுந்தது. ஐஸ்காரரிடம் இரண்டு கம்ப்ரஸருக்கான மின்கட்டணம் இருந்தது, வாங்க ஆள் இல்லை. பெரிய இடத்து ஆட்கள் வந்து பார்க்கவேண்டுமே என்று வங்கி அவரை இரண்டு தடவை தூக்கி நிறுத்தியது. அதாவது, கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துப் புதுக் கடனாக எழுதிக்கொண்டது. கைக்கு வராத அந்த வட்டி வங்கியின் கணக்கில் வருமானமாக ஏறியது. அந்த வருஷம் லாபம் வரலாறு காணாதது என்று அறிக்கைக்காரர் எழுதினார். நாலாம் வருஷம் புதுத் தலைவர் வந்து கணக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினார். ஐஸ் கம்பெனியும் வீடும் ஏலத்துக்குப் போயின. "வராக்கடன்கள் மீது உறுதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று அறிக்கைக்காரர் எழுதினார். அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் அடுப்படியும் படுக்கையறையும் இருந்தன. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் வெட்கப்பட்டார்.

போய்ப் பார்க்கவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம் கைவசம் இருந்தது. வாங்க ஆள் வந்ததாக ஐஸ்காரர் சொன்னது வெறும் பேச்சாகத்தான் இருக்கும், கேட்கிறவர்கள் எல்லோரும் வாங்கிவிடுகிறார்களா, தான் தடுக்காவிட்டாலும் விற்றிருக்காது. அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார்.

ஓய்வுபெற்ற ஆறாம் மாதம் ஒரு காலையில் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மனைவி தெருமுனைக் கடையில் விசாரித்து ரிப்பேர்காரருக்குப் போன் செய்தார். பத்து மணிக்குத் தோளில் பையோடு வந்து நின்றவர் ஐஸ்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது. "சார், நீங்களா?" என்று நிஜமான சந்தோஷத்தோடு சிரித்தார். தெரிந்தவரா என்று மனைவி கேட்டதற்கு, பேங்க்கில் பழக்கம் என்று அறிக்கைக்காரர் மென்று முழுங்கினார்.

மனைவி பால், காய்கறியெல்லாம் கெட்டுப்போவதற்குள் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து வரப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார். ஐஸ்காரர் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மகள் நர்ஸாக இருக்கிறாள், வாடகை வீடுதான், மனைவிக்கு மூட்டுவலி என்று வேலை பார்த்தபடியே ஊர்ச்சேதி மாதிரி சொன்னார். ஒரு வார்த்தையில்கூடக் குத்தல் இல்லை. அதுவே அறிக்கைக்காரரை உட்கார முடியாமல் செய்தது. அன்றைக்கு உங்களைத் தடுத்திருக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். நல்லதுக்குத்தானே சொன்னீர்கள், விடுங்கள் என்றார் ஐஸ்காரர். விட்டிருக்கலாம். ஆனால் அறிக்கைக்காரருக்குத் தன் பழைய சமாதானத்தை அவர் வாயாலேயே கேட்டுவிட ஆசை வந்தது. அந்த வெளியூர்க்காரர் நிஜமாகவே வாங்கியிருப்பார் என்று என்ன நிச்சயம் என்றார்.

ஐஸ்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முன்பணமே கொடுத்துட்டாரே சார். அதைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் உங்க எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சேன். நீங்க சொன்னதும் நேரா போய்த் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ரொம்பக் கோபம்."

பதினோரு வருஷமாக அறிக்கைக்காரர் சாய்ந்திருந்த சுவர் அந்தச் சமாதானம் ஒன்றுதான். இனி மறைக்கவும் அவருக்குத் தெம்பில்லை. அப்போது நம் கையில் இருந்த சில தகவல்கள் என்று வழக்கம்போல வாக்கியத்தைத் தொடங்கினார். அதை எப்படி முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அந்தப் பெரிய கம்பெனி வரப்போறது எனக்குத் தெரியும். நம்ம பேங்க்தான் அதுக்குக் கடன் கொடுத்தது. தெரிஞ்சுக்கிட்டேதான் உங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன்."

"தெரியும் சார்."

ஐஸ்காரர் அதை மெதுவாகத்தான் சொன்னார். கூட்டம் முடிந்து அந்தப் புத்தகம் தபாலில் அவருக்கு வந்ததாம். தன் பக்கத்தை நாலு தடவை படித்தாராம். இவ்வளவு நல்ல புத்தகத்தில் மற்றது என்ன இருக்கிறது என்று, புரிந்ததும் புரியாததுமாக முழுசையும் படித்தாராம். இருபத்தோராம் பக்கம், ஏழாவது வரி. அதற்குள் கூடுதல் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆகியிருந்தது, புது கம்ப்ரஸருக்குப் பணமும் கட்டியாகிவிட்டது, வெளியூர்க்காரர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

ஏன் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை என்று அறிக்கைக்காரர் கேட்டார்.

"பிடிச்சா பணம் வருமா சார்? நீங்களே ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். என்னைப் பத்தி அவ்வளவு நல்லா எழுதின மனுஷன், வராம இருக்க மாட்டார்னு வீட்டுலயும் சொல்லி வெச்சிருந்தேன். ஏலம் போட்ட அன்னைக்குக்கூடத் தெருவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

வரவேண்டும் என்றுதான் இருந்தேன், பல தடவை கிளம்பினேன், ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது என்று அறிக்கைக்காரர் அடுக்கினார். ஐஸ்காரர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பின்மூடியை வைத்துத் திருகினார். எழுந்து, ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளி, ஒயரைச் சொருகினார். அது ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்:

"இது கெட்டுப்போகாம இருந்திருந்தா வந்திருப்பீங்களா சார்?"

என்ன எழுதலாம், எப்படித் திருப்பலாம் என்று பழக்கத்தில் வாய்க்குள் இரண்டு மூன்று வாக்கியங்கள் வந்து நின்றன. எல்லாமே நல்ல வாக்கியங்கள். அறிக்கைக்காரர் அவற்றை ஒதுக்கினார்.

"மாட்டேன்" என்றார்.

ஐஸ்காரர் தலையை ஆட்டினார். பையை மாட்டிக்கொண்டு, கூலி எவ்வளவு என்று சொன்னார்.