பிரெஞ்சு எஞ்சினுக்கு இஞ்ச் மரை

அஞ்சுகத்தின் பிடிவாதம் காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. புருஷன் கண்ணை மூடியபின் நிலத்தைத் தானே பார்த்தாள். பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஊரைக் காலிசெய்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் பழைய ஆயில் எஞ்சின் ஒன்றையும் வாங்கிப் போட்டாள். அடுத்த மார்கழியில் மழை ஏமாற்றியது. நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்து எஞ்சினும் புகை கக்கிப் படுத்துக்கொண்டது.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த எஞ்சின் வேலையெல்லாம்? நெலத்த எங்கிட்ட குத்தகைக்கு விட்டுடு" என்றார் கணவனின் அண்ணன் வைத்தியலிங்கம். பக்கத்தில் அவர் வயலும் வெடித்துத்தான் கிடந்தது. வாய் மட்டும் காயவில்லை.

மெக்கானிக் நாகூர் மீரான் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். அதற்கும் கீழே பிளாக்குக்கும் நடுவிலிருந்த கேஸ்கட் கருகியிருந்தது, போல்ட்டுகள் நீண்டு இளைத்திருந்தன. பழைய போல்ட்டையே மாட்டினால் புதுக் கேஸ்கட்டும் தாங்காது என்றார். நாகப்பட்டினத்திலிருந்து புது போல்ட்டுகள் வந்தன. முதல் போல்ட் இரண்டு சுற்று நன்றாக இறங்கியது. அடுத்த சுற்றில் இறுகியது. மீரான் ஸ்பேனரை மூச்சுப்பிடித்துத் திருகினார். பிளாக்கில் மரை பிய்ந்துவிட்டது.

பிரெஞ்சு எஞ்சினுக்கு மில்லிமீட்டர் மரை. இங்கிலீஷ்காரன் ஆண்ட நாகப்பட்டினத்துக் கடையில் எல்லாம் இஞ்ச். காரைக்காலில் இரண்டு அளவோடும் பிழைத்த மீரானே அவசரத்தில் கோட்டைவிட்டார். மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இனி எந்தக் கப்பலை எதிர்பார்ப்பது?

"எல்லா ஓட்டையையும் பெருசாக்கி இஞ்ச் மரை வெட்டலாம் தங்கச்சி. பிளாக் விரிசல் விட்டுச்சுன்னா பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றார் மீரான்.

"இப்ப மட்டும் என்ன வாழுது? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. வெட்டுங்க பாய்" என்றாள் அஞ்சுகம்.

சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தவள் வாயில் வந்த பழமொழியைப் பாருங்கள்! ஆனால் உள்ளூர அவளுக்குப் பயம்தான். மீரான் மரை வெட்ட வெட்ட, எண்ணெய் விட்டபடி பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு கிறீச்சுக்கும் குனிந்து விரிசல் தேடினாள். பிளாக் தாங்கியது. புது ஓட்டைகளுக்கு ஏற்றபடி தகட்டில் கேஸ்கட்டை வெட்டி வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சங்கொஞ்சமாக முறுக்கினார் மீரான்.

எஞ்சின் இருமியது, அடங்கியது, மறுபடி இருமி ஓடத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அஞ்சுகம் மண்வெட்டியோடு மடையில் நின்று அழுதாள். கண்ணைத் துடைக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் வைத்தியலிங்கம் வரப்பில் வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்தார், தன் வயலைப் பார்த்தார்.

"எங்க வயலு நெறஞ்சதும் உங்க மடையத் தொறந்துக்குங்க அத்தான்" என்றாள் அஞ்சுகம். "பொம்பளை எஞ்சின் தண்ணிதான். நெல்லுக்கு அது தெரியாது."